நாலு மணிக்குப் போகிற லைன்

நஸ்ரி: முதல்ல இந்தப் பொன்னாடையைக் கழட்டோணும் சேர்.

அருளம்பலம்: அது தூசிக்குப் போட்டது தம்பி.

நஸ்ரி: தூசிக்குச் சரி. உள்ளுக்கு ரவுட்டர் வேகுதே. கையை வச்சுப் பாருங்க... தோசைக்கல்லு மாதிரி.

அருளம்பலம்: மெதுவா எடும். அது சாதாரணப் பொன்னாடை இல்லை. கல்விச்சுடர் பட்டம் தந்த அண்டைக்குப் போத்தினது.

பூரணி: வீட்டில பதினேழு கிடக்குது தம்பி. எதைப் போத்துறது எண்டு தெரியாமல் கடைசியா ரவுட்டருக்கும் போத்திப்போட்டார்.

அருளம்பலம்: பூரணி, நீர் போய்க் குசினியில அடுப்பைப் பாரும்.

பூரணி: குசினியில ஒண்டும் பழுதில்லை.

நஸ்ரி: மற்றது, இந்தக் கண்ணாடி அலுமாரி. சுத்திவரப் பித்தளைக் கேடயம். இதுக்குள்ள இருந்து சிக்னல் எப்பிடி சேர் வெளிக்கிடும்?

அருளம்பலம்: கேடயம் மறைக்குமோ?

நஸ்ரி: பித்தளை, இரும்பு எல்லாம் மறைக்கும். பிளாஸ்டிக் எண்டாப் பரவாயில்ல.

பூரணி: பிளாஸ்டிக்கும் இருக்குது. தங்கக் கலர் பூசினது.

அருளம்பலம்: நான் முப்பத்தினாலு வருசம் கல்வி நிர்வாகத்தில இருந்தனான். வீட்டுக்கு வாறவையின்ர கண்ணில படுற மாதிரி ஒரு கௌரவமான இடத்தில இருக்கட்டும் எண்டுதான்...

நஸ்ரி: உயரமா, திறந்த இடத்தில இருந்தாக் காணும் சேர். சரி, என்ன பிரச்சினை எண்டு திரும்ப ஒருக்காச் சொல்லுங்க.

அருளம்பலம்: போன புதன்கிழமை இணையவழிக் கூட்டம். மூண்டரைக்குத் தொடங்கி, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் முடிஞ்சு, சரியா நாலு மணிக்குச் சிறப்புரை. நான் தொண்டையைச் செருமினன்... லைன் போயிட்டுது. திரும்பி வரேக்க அஞ்சு மணி.

நஸ்ரி: அப்ப பேச்சு?

அருளம்பலம்: அவையள் எப்பிடியோ சமாளிச்சிருக்கினம்.

பூரணி: நன்றியுரையில, 'ஐயாவின்ர ஆழமான சிறப்புரைக்கு நன்றி' எண்டு சொன்னவையாம். ஆள் இல்லாதது ஒருத்தருக்கும் தெரியேல்லை.

அருளம்பலம்: அது... ஒரு சம்பிரதாயம். இண்டைக்கும் நாலு மணிக்கு இருக்குது தம்பி. வெளிநாட்டில இருக்கிற என்ர பழைய மாணவர் என்னைக் கௌரவிக்கினம். 'பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேசுவோம்' எண்டது தலைப்பு. அதுக்குள்ள இது சரிவரவேணும்.

நஸ்ரி: எனக்கு விளங்கல்ல. புதன்கிழமை மட்டும்தானா போனது?

பூரணி: ஒவ்வொரு நாளும் போகுது தம்பி. நாலு மணிக்குப் போகும், அஞ்சு மணிக்கு வரும்.

அருளம்பலம்: அது வேற. அது இவவின்ர போன் பழசு.

பூரணி: மகள் நாலுக்கு ரெண்டு நிமிசம் இருக்கேக்க எடுப்பாள். அவளுக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்திருக்குது. போன மாசம் பன்ரெண்டாந் திகதி. இண்டைக்கு இருபத்திரண்டு நாள். நான் இன்னும் முகத்தை ஒழுங்காப் பாக்கேல்லை. 'இந்தாங்கோ அம்மா, பாருங்கோ' எண்டு பிள்ளையின்ர துணியை விலத்துவாள்... அப்பிடியே நிண்டுபோகும்.

நஸ்ரி: மகள் எங்க இருக்கிறா அன்ரி?

அருளம்பலம்: கனடா. ரொறன்ரோ.

பூரணி: ஓம்... கனடா.

நஸ்ரி: இங்க நாலு மணி எண்டா அங்க?

அருளம்பலம்: விடிய ஆறரை. அவள் வெள்ளன எழும்புற பிள்ளை. நான் பழக்கின பழக்கம்.

நஸ்ரி: ம்... போன்ல டேட்டா போட்டுக் கதைக்கலாமே அன்ரி?

பூரணி: இதில சிம் இல்லை தம்பி. வீட்டில வைஃபை இருக்கேக்க எதுக்கு எண்டு அவர் கழட்டிப்போட்டார்.

நஸ்ரி: வேற நேரத்தில எடுக்கச் சொன்னா?

பூரணி: நாலுக்கும் அஞ்சுக்கும் இடையிலதான் அவர் உள்துறைமுக வீதிப் பக்கம் நடக்கப் போறவர். இண்டைக்குக் கூட்டம் எண்டபடியால் வீட்டில நிக்கிறார். நான் கிணத்தடிக்குப் போய் நிண்டு கதைப்பன். கிணத்தடி வரைக்கும் சிக்னல் வருமோ தம்பி?

அருளம்பலம்: பூரணி, தொழில்நுட்பத்தை அந்தத் தம்பியிட்ட விடும். தம்பி, நான் இதை ஆராய்ஞ்சு பாத்தனான். துறைமுகத்துக்கு வாற கப்பலுகளின்ர ராடார்தான் காரணம். விளக்கமா ஒரு கடிதமும் எழுதிப்போட்டன். நாலு பிரதி.

நஸ்ரி: ராடார் பக்கத்தில இருந்தா ரவுட்டர் சிலநேரம் அலைவரிசை மாறும்தான் சேர். அது ஒரு நிமிசம் விட்டுப் பிடிக்கும். கப்பல்காரன் நாலு மணிக்கு மணி பாத்துத் தொடங்கி அஞ்சுக்கு நிப்பாட்டுவானா?

அருளம்பலம்: ஒழுங்கா வேலை செய்யிற ஆக்களாயிருந்தால்...

நஸ்ரி: இருக்கட்டும். ஃபேம்வெயார் பாப்பம். ரவுட்டருக்குள்ள ஓடுற மென்பொருள். இது வாங்கினதுக்குப் பிறகு ஒருக்காலும் புதுப்பிக்கல்ல போல. லெப்டொப்பை இந்த வயர்ல போடுறன்... உள்ள போக பாஸ்வேட் வேணும். ஸ்டிக்கர்ல இருக்கிறது எடுக்குதில்ல. ஆரோ மாத்தியிருக்கிறாங்க.

அருளம்பலம்: நான்தான். பாதுகாப்புக்கு. நீர் அங்கால திரும்பும், நான் அடிக்கிறன். பூரணி, தம்பிக்குத் தேத்தண்ணி ஒண்டு போட்டுக்கொண்டு வாரும்.

பூரணி: ஊத்தி மூடி வச்சிருக்கிறன்.

அருளம்பலம்: அப்ப சூடாக்கும்.

பூரணி: ஓம். சூடாக்குறன்.

அருளம்பலம்: ம்... போயிட்டா. இந்தாரும், உள்ளுக்கு வந்திட்டன். ஃபேம்வெயாரை மட்டும் போடும். வேற ஒண்டையும் தட்டிப் பாக்கவேண்டாம்.

நஸ்ரி: சரி சேர். ஃபைலை என்ட போனால இறக்குறன்... இறங்கிட்டு. இப்ப ஏத்துறன். அஞ்சு நிமிசம். இடையில கரண்ட் போகக்கூடாது. ஒருத்தரும் சுவிச்சில கை வைக்கவும் கூடாது.

அருளம்பலம்: என்ர வீட்டில என்னைக் கேக்காமல் ஒரு சுவிச்சும் வேலை செய்யாது.

நஸ்ரி: ...ஏறிட்டு. புது வேர்சன் காட்டுது. ஆனா சேர்... இது என்ன?

அருளம்பலம்: எது?

நஸ்ரி: இங்க ஒரு பூட்டுக் கிடக்குது. 'நேரக் கட்டுப்பாடு. ஒவ்வொரு நாளும் நாலு தொடக்கம் அஞ்சு. இணைப்பு இல்லை.' கப்பல் இல்ல சேர், இதுதான். போட்டது... போன மாசம் பன்ரெண்டாந் திகதி.

அருளம்பலம்: சத்தம் போடாதையும்.

நஸ்ரி: சேருக்குத் தெரியுமா இது?

அருளம்பலம்: கொழும்பில இருக்கிற என்ர தங்கச்சியின்ர மகன், ரஜீவன், போனில சொல்லச் சொல்ல நான் போட்டது. அது அவவின்ர போனுக்கு.

நஸ்ரி: அவட போனுக்கு இல்ல. 'எல்லாக் கருவிக்கும்' எண்டு விழுந்திருக்குது. உங்கட லெப்டொப்பும் அதுக்குள்ளதான்.

அருளம்பலம்: என்னையும் சேத்தோ?

நஸ்ரி: உங்களையும் சேத்துத்தான். மூண்டு கிழமையா. நாலு மணிக்கு நீங்க நடக்கப் போனதால தெரியாமப் போயிட்டு.

அருளம்பலம்: அந்தப் பொடியன் ஒழுங்காச் சொல்லேல்லை.

நஸ்ரி: ஏன் சேர் அவக்குப் பூட்டினீங்க?

அருளம்பலம்: அவவுக்குப் பிரசர். கதைச்சுப்போட்டு அழுவா. மகளோட எனக்கு ஒரு... கருத்து வேறுபாடு. அந்தக் குரல் என்ர வீட்டுக்குள்ள கேக்கக்கூடாது எண்டு மட்டும்தான் நான் சொன்னனான். கதைக்கவேண்டாம் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. நான் பெண்விடுதலை பற்றி மேடையில கதைக்கிற ஆள் தம்பி, அப்பிடிச் சொல்லேலாது.

நஸ்ரி: சொல்லாமப் பூட்டியிருக்கிறீங்க.

அருளம்பலம்: லைன்தானே போகுது? அதில ஒருத்தர் மனமும் நோகாது. சரி, அதை விடும். இதை அவவின்ர போனுக்கு மட்டும் மாத்திவிடும். என்ர கூட்டத்துக்கு லைன் வரவேணும். ரெண்டு நிமிச வேலைதானே?

நஸ்ரி: சேர், பேரப்பிள்ளை...

அருளம்பலம்: உம்மட மகள் மின்ஹாவுக்கு முதலாம் வகுப்பு அனுமதி எண்டு வாசல்ல வரேக்க சொன்னீர். வதிவிடச் சத்தியக்கடதாசிக்கு ஆரின்ர கையெழுத்து வேணும் எண்டனீர்?

நஸ்ரி: ஜே.பி.ட. சமாதான நீதவான்ட.

அருளம்பலம்: எப்ப குடுக்கவேணும்?

நஸ்ரி: நாளைக்குக் கடைசி.

அருளம்பலம்: என்ர முத்திரை அந்த மேசை லாச்சியிலதான் கிடக்குது. வேலை முடியட்டும்.

பூரணி: தேத்தண்ணி தம்பி. என்ன, ரெண்டு பேரும் சத்தமில்லாமல் நிக்கிறியள்?

அருளம்பலம்: ஃபேம்வெயார் சம்பந்தமாக் கதைச்சனாங்கள்.

பூரணி: சரிவந்திட்டுதோ?

நஸ்ரி: ஏறிட்டு அன்ரி. ஆனா... லைற் இன்னும் செம்மஞ்சளில நிக்குது. பழைய செற்றிங் புதுசோட ஒத்துவருதில்ல.

பூரணி: முழுக்க ரீசெற் பண்ணினால் எல்லாம் அழிஞ்சுபோகுமாமே. உள்ள போட்டிருக்கிறது எல்லாம்.

நஸ்ரி: ஓம். கடையில வாங்கின நாள் மாதிரி வந்திடும்.

பூரணி: அப்ப அதைச் செய்யுங்கோ.

அருளம்பலம்: தேவையில்லை. என்ர வைஃபை பேர் அழிஞ்சுபோம். அதைப் பாத்துத்தான் ஒழுங்கை முழுக்க...

பூரணி: பேர் திரும்ப வைக்கலாம்தானே. இல்லாட்டி, அழிக்கக்கூடாதது வேற ஏதும் உள்ளுக்கு இருக்குதோ?

அருளம்பலம்: என்ன இருக்கப்போகுது? ஒண்டுமில்லை.

பூரணி: பிறகென்ன? ஊசி வேணுமோ தம்பி? இந்தாங்கோ, சேலையில குத்தினது.

நஸ்ரி: இந்தச் சின்ன ஓட்டைக்குள்ள விட்டு, பத்து செக்கன் அமத்திப் பிடிக்கோணும். லைற் எல்லாம் ஒருக்கா அணைஞ்சு பத்தும்.

பூரணி: நான் அமத்துறன்.

அருளம்பலம்: உமக்கு உது தெரியாது, விடும்.

பூரணி: பத்து எண்ணத் தெரியும். ஒண்டு... ரெண்டு... மூண்டு...

அருளம்பலம்: மெதுவா.

பூரணி: ...எட்டு... ஒம்பது... பத்து. அணைஞ்சுபோச்சுது தம்பி.

நஸ்ரி: கையை எடுங்க. அது தானா எழும்பும். பாருங்க... பச்சை.

பூரணி: எல்லாம் போயிட்டுதோ?

நஸ்ரி: எல்லாம் போயிட்டு.

பூரணி: நல்லது. இனி உந்த அலுமாரிக்குள்ள வைக்காதையுங்கோ. யன்னல் தட்டில வையுங்கோ, கிணத்தடிப் பக்கமா.

அருளம்பலம்: பூரணி, மணி மூண்டேகால். என்ர வேட்டியையும் அந்தச் சரிகைச் சால்வையையும் அயன் பண்ணும்.

பூரணி: இடுப்புக்கு மேலதானே கமராவில தெரியும்.

அருளம்பலம்: எனக்குத் தெரியுமே.

பூரணி: ஓம்... பண்ணுறன்.

அருளம்பலம்: தம்பி, இப்ப பேரைப் போடும். சொல்லுறன்: கல்விச்சுடர், சமூகமாமணி, அகில இலங்கைச் சமாதான நீதவான்...

நஸ்ரி: இங்கிலீசில முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல ஏறாது சேர். சமூகமாமணியோட முடிஞ்சிடும்.

அருளம்பலம்: என்ர பேர் எங்க வரும்?

நஸ்ரி: வராது. பட்டத்தை விட்டாப் பேர் வரும்.

அருளம்பலம்: பேர் இல்லாட்டிலும் காரியமில்லை, பட்டத்தைப் போடும். இந்த ஒழுங்கையில வேற ஆருக்கு இருக்குது? முந்தி முழுக்கக் கிடந்ததே.

நஸ்ரி: கிடக்கல்ல சேர். எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டதால 'கல்விச்சுடர் சமூகமா' எண்டு பாதியிலதான் நிண்டது. நான் வரேக்கயே பாத்தன்.

அருளம்பலம்: ...ஒருத்தரும் சொல்லேல்லையே. சரி. இப்ப மற்ற வேலை. அவ வரமுன்னம். இதுதான் அவவின்ர போன், இந்தப் பட்டியலில.

நஸ்ரி: சேர், ஒருநாள் மட்டும்... இண்டைக்கு மட்டும் விடுவமே. அவ பிள்ளையைப் பாக்கட்டும்.

அருளம்பலம்: நான் முன்னுக்கு மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்க, பின்னுக்குக் கிணத்தடியில அந்தச் சத்தம் கேக்கவோ? நாலு தொடக்கம் அஞ்சு. ஒவ்வொரு நாளும். இந்தமுறை எனக்குப் படாமல். அந்தக் கடதாசியைக் கொண்டாரும். இந்தா, வாசிக்காமலே போடுறன். பேனை... முத்திரை... சரி. உம்மட முறை.

நஸ்ரி: ...போட்டுட்டன்.

அருளம்பலம்: காட்டும். ம். 'ஒரு கருவி.' இதுதான் சுத்தமான வேலை. நான் குளிச்சுப்போட்டு வாறன். நீர் லெப்டொப்பில கமராவைச் சரிபாத்துப்போட்டுப் போகலாம்.

நஸ்ரி: சரி சேர்.

பூரணி: தம்பி, தேத்தண்ணி ஆறிப்போச்சே. குடிக்கேல்லையோ?

நஸ்ரி: குடிக்கிறன் அன்ரி.

பூரணி: கிணத்தடி வரைக்கும் வருதோ?

நஸ்ரி: வருது. பின்மதில் வரைக்கும் நல்லா வருது.

பூரணி: நாலு மணிக்கும் வருமோ?

நஸ்ரி: சேருக்கு வரும்.

பூரணி: ம்... அப்ப திரும்பவும் பூட்டியாச்சு.

நஸ்ரி: அன்ரிக்குத் தெரியுமா?

பூரணி: தலகாணி உறை தோய்க்கேக்க ஒரு துண்டு விழுந்தது. ரஜீவன் சொல்லச் சொல்ல எழுதி வச்சிருக்கிறார். 'நாலு முதல் அஞ்சு வரை, பூரணி.' அழகான கையெழுத்து அவருக்கு.

நஸ்ரி: தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?

பூரணி: கேட்டால் இல்லை எண்டுவார். பிறகு வைஃபையையே வெட்டிவிடுவார். வெளி ஆள் ஒருத்தர் வந்து, தெரியாத மாதிரி எல்லாத்தையும் அழிச்சுவிட்டால்... அப்பிடி நினைச்சுத்தான் ஊசியைத் தந்தனான்.

நஸ்ரி: நாளைக்குக் கடதாசி குடுக்கோணும் அன்ரி. பிள்ளைட ஸ்கூல்...

பூரணி: நான் குறை சொல்லேல்லை. பிள்ளை படிக்கவேணும்தானே.

நஸ்ரி: இந்தாங்க, என்ட போன்ல இருந்து தாறன். இப்பவே எடுங்க. சேர் குளிச்சு வரமுன்னம் ரெண்டு நிமிசம்.

பூரணி: இண்டைக்கு எடுத்தால், 'எப்பிடியம்மா இண்டைக்கு நிக்காமல் வருது' எண்டு கேப்பாள். நாளைக்கு நிண்டுபோனால் என்னத்தைச் சொல்லுறது?

நஸ்ரி: அன்ரி... அவ கனடாவில இல்ல எண்டு எனக்குத் தெரியும். சாம்பல்தீவில. கடற்கரைக்குப் போற ஒழுங்கை. மாப்பிள்ளை போட் எஞ்சின் திருத்துறவர். சிவாஜினி எண்டு பேர்.

பூரணி: மெதுவாக் கதையுங்கோ.

நஸ்ரி: அந்த வீட்டுக்கு மூண்டுதரம் போயிட்டன். நாலு மணிக்கு லைன் நிக்குது, ரவுட்டரை ரீசெற் பண்ணித் தாங்க எண்டு கூப்பிடுவா. மூண்டுதரமும் பண்ணினன். ஃபேம்வெயாரும் போட்டன். இதில ஒரு பழுதும் இல்ல எண்டா நம்புறா இல்ல. உங்கட முகம் நிண்டுபோன மாதிரியே ஒரு படம் எடுத்துப் போன்ல வச்சிருக்கிறா. இண்டைக்கு வாசல்ல உங்களக் கண்ட உடனே எனக்கு விளங்கிட்டு.

பூரணி: பிள்ளை... ஆரைப் போல இருக்குது?

நஸ்ரி: சேரைப் போல அன்ரி. நெத்தி அப்பிடியே. இங்கயிருந்து குச்சவெளி பஸ்ஸில ஏறினா இருபது நிமிசமும் இல்லையே.

பூரணி: அந்தக் கலியாணம் நடந்த அண்டே, அங்க போனால் திரும்பி இந்த வாசல்ல ஏறேலாது எண்டு சொல்லிப்போட்டார். அவரை மட்டும் சொல்லி என்ன? ஊருக்குக் கனடா எண்டு முதல் சொன்னது நான்தான். கோயிலடியில, நாலு பேருக்கு முன்னால. பஸ்ஸில ஆரும் கண்டு, மகள் எப்பிடி எண்டு கேட்டால்...

நஸ்ரி: வாற வெள்ளிக்கிழமை சிவாஜினி என்னை வரச் சொல்லியிருக்கிறா. பழசைக் கழட்டிப் புது ரவுட்டர் பூட்டட்டாம். நான் என்னெண்டு அன்ரி சொல்லுற?

பூரணி: பூட்டிக் குடுங்கோ தம்பி. அவளின்ர பக்கம்தான் பழுது எண்டு முதல்நாளே சொன்னது நான்தான். அப்பா பூட்டுறார் எண்டு தெரிஞ்சால் அவள் பிறகு எடுக்கவே மாட்டாள்.